கின்னிக்கோழிகளுக்குத் தெரியாத ஆள்

மாலை ஆறேகாலுக்கு உசேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு கின்னிக்கோழிகளும் வாய் திறக்கவில்லை. அவரை அவற்றுக்குத் தெரியும். வெள்ளைப் பொட்டு வைத்த சாம்பல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, மொட்டைத் தலையைச் சாய்த்து, அவர் வண்டியை நிறுத்துவதையும் குழாயடியில் கால் கழுவுவதையும் பார்த்தன. ஜெரினா அடுப்பில் டீக்கு வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள். அப்போதுதான் ஏழும் ஒரே சமயத்தில் தெருக்கதவின் பக்கம் திரும்பிக் கத்தத் தொடங்கின. ஜெரினா போய்ப் பார்த்தாள். சந்தில் ஆளில்லை, நாயுமில்லை. எதிர்வீட்டுக் கெங்கம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா ஜெரினா, யார்னா வந்தாங்களா?" என்றாள் கெங்கம்மா.

"அதத்தான் நானும் பாக்குறேன். நீ யாரையாவது பாத்தியா?"

"உங்கூட்டுக்காரரு வந்தாரு. அப்பால யாரும் வர்ல."

கோழிகள் மதிலிலிருந்து குதித்து இறங்கின. ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாகி, கழுத்தை நீட்டி, எதன் பின்னாலோ போவதுபோல முற்றத்தின் குறுக்கே நடந்தன. நிலைப்படிக்கு மூன்றடி முன்னால் நின்று இன்னும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஒவ்வொன்றாக ஓய்ந்தன. உசேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கிய பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

உசேனோடு வேலை செய்த ஜெயவேலை அடக்கம் செய்து அன்றைக்கு நான்காவது நாள்.

ஜெரினா ஆசைப்பட்டு வளர்த்த கோழிகள் அல்ல அவை. எர்ணாவூரில் ரயில்பாதையைத் தாண்டிக் கால்வாய்ப் பக்கமாக இருந்தது அவர்கள் வீடு. பின்மதிலுக்கு அப்பால் சீமைக்கருவேல முள், அதற்கப்பால் சதுப்பு, அதற்கும் அப்பால் கண்டெய்னர் அடுக்குகள். இரண்டு வருடம் முந்தைய வெள்ளத்தில் தண்ணீரோடு பாம்பும் வந்தது. குளிக்கிற இடத்தில் வாளிக்குள் ஒரு கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்ததைப் பார்த்த பிறகு ஜெரினா ஒரு வாரம் பெண் வீட்டில், வண்ணாரப்பேட்டையில் போய் இருந்துவிட்டாள். திரும்பி வந்தபோது உசேன் பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியில் பத்துக் குஞ்சுகள் வாங்கி வைத்திருந்தார். கின்னிக்கோழி இருக்கிற வீட்டுக்குள் பாம்பு வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மழையில் நனைந்து மூன்று குஞ்சுகள் அன்றைக்கே செத்துப்போயின. மிச்சம் ஏழு.

அந்த ஏழையும் அவள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். மகள் நவ்ரீனுக்குக் கல்யாணமான பிறகு பகலெல்லாம் வீட்டில் பேச ஆளில்லை. அவை கூண்டில் அடையமாட்டா. பொழுது சாய்ந்தால் முருங்கைமரத்திலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலோ ஏறிக்கொள்ளும். ஒன்று மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் தனக்குப் பறக்கத் தெரியும் என்பதே மறந்துபோய், மதிலோரமாக மேலும் கீழும் ஓடி ஓலமிடும். முட்டையை வீட்டில் இடாது, முள்ளுக்குள் ஆள் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் போய் இடும். சேவலுக்கு ஒரே தொனி, வெறும் கிரீச்சல். பெட்டைக்கு இரண்டு தொனி. இரண்டாவது தொனி கேள்விபோல மேலே ஏறும். யாரூ, யாரூ என்று கேட்பதாகத் தெருவில் சொல்வார்கள். ஆள் அடையாளம் மட்டும் தப்பாது. சிலிண்டர் போடுகிறவர் மாறினால் கத்தும். புது வாளி வாங்கினால் வாளியைச் சுற்றி நின்று கத்தும். ஆனால் எந்தப் புதுசுக்கும் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்தான். அதற்குள் அதுவும் வீட்டோடு சேர்ந்ததாகிவிடும்.

இதுமட்டும் பத்து நாளாகியும் பழகவில்லை. உசேன் உள்ளே வருவார், கோழிகள் பேசாமல் பார்க்கும், ஒரு ஆள் நாலு எட்டு வைக்கிற நேரம் போகும், பிறகு கத்தல்.

எண்ணூரில் திரவச் சரக்கு சேமிக்கும் பெரிய இரும்பு டேங்குகளைக் கழுவுகிற காண்ட்ராக்டில் உசேன் மேஸ்திரி. அவருக்குக் கீழே ஆறு பேர். அதில் ஒருவர்தான் ஜெயவேல். முகத்துவாரக்குப்பத்துக்காரர், உசேனைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆற்றுவாயில் மீன் அற்றுப்போன பிறகு டேங்க் வேலைக்கு வந்தவர். உசேனின் வண்டி ரிப்பேரான நாட்களில் ஜெயவேல்தான் தன் பைக்கில் கொண்டுவந்து விடுவார். பைக் சத்தத்துக்குக் கோழிகள் கத்தும். "பாய், உன் போலீஸ்காரங்க வந்துட்டாங்க, நான் கெளம்புறேன்" என்று வெளியிலிருந்தே சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஜெரினாவுக்கு அவருடைய குரல் தெரியும், ஹெல்மெட் தெரியும். முகம் சரியாகத் தெரியாது. ஒருநாள்கூட அவர் உள்ளே வந்ததில்லை. வா, டீ குடிச்சிட்டுப் போ என்று உசேனும் கூப்பிட்டதில்லை. இப்போது ஜெரினா அதை நினைத்துக்கொண்டாள். நாலு நாள் உள்ளே வந்து உட்கார்ந்து போயிருந்தால் கோழிகளுக்கு ஆளைத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு நடந்ததாக உசேன் சொன்னது இதுதான். மொலாசஸ் டேங்க். கரும்புப் பாகின் கழிவு அடியில் முழங்கால் அளவு தங்கிப் பல மாதம் புளித்துக் கிடந்தது. உள்ளே காற்று எப்படி இருக்கிறதென்று பார்க்கிற மீட்டரை எடுத்துவர உசேன் போயிருந்தார். இறங்காதே, காத்திரு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஜெயவேல் காலையிலேயே குடித்திருந்தார். போதையில் தானாக இறங்கிவிட்டார். போலீசில் எழுதிக் கொடுத்ததும் அதுவே. தீயணைப்பு வண்டி வந்து வெளியே எடுத்தபோது உடம்பெல்லாம் சாராய வாடை அடித்ததை எல்லாரும் பார்த்தார்கள் என்றும் சொன்னார். ஜெரினா அதைக் கேட்டு, "அந்தப் பொண்ணு பாவம்" என்று மட்டும் சொன்னாள். ஜெயவேலின் மனைவி ஹில்டாவை மனதில் வைத்துச் சொன்னாள்.

பதினோராவது நாள் அவள் சோதித்துப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் பாம்பாக இருக்குமென்று வாசல் ஓரத்துக் கல்லையெல்லாம் புரட்டினாள். தெருக்கதவில் ஏதாவது மினுங்குகிறதா என்று பார்த்தாள். வண்டியின் பின்சீட்டில் எப்போதும் கட்டியிருக்கும் மஞ்சள் கோணியைக் கழற்றிப் போட்டாள். தானே ஆறேகாலுக்குக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தாள், அவை பேசவில்லை. ஒரு ஞாயிறு உசேன் வீட்டைவிட்டு நகரவே இல்லை, அன்றைக்கு முழுக்கக் கோழிகள் முள்ளுக்குள் கறையான் பொறுக்கிக்கொண்டு நிம்மதியாகத் திரிந்தன. மறுநாள், "தெருப் பக்கம் சாக்கடை தோண்டிக் கீது, பின்பக்கமா வாங்க" என்று போனில் சொன்னாள். சாக்கடை யாரும் தோண்டவில்லை. உசேன் பின்பக்கப் படலைத் திறந்து வந்தார். மதிலின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஏழும் வீட்டைச் சுற்றி ஓடிவந்து, அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்துக் கத்தின.

உசேன் அவளைப் பார்த்தார். எதற்காகப் பின்பக்கம் வரச்சொன்னாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அதற்குள் அவர் மாறிப்போயிருந்தார். டீயில் சர்க்கரை வேண்டாமென்று சொல்லிவிட்டார். வெல்ல வாசனை வந்தால் எழுந்து போய்விடுவார். வெள்ளிக்கிழமை ஜும்மாவில் எப்போதும் முன்வரிசையில் நிற்கிறவர், இப்போது கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நிற்பதாகத் தெருவில் யாரோ சொன்னார்கள். பின்னால் இன்னொரு ஆள் நிற்க வழியில்லாத இடம் அது.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலைத் தொழுகைக்கு எழுந்த ஜெரினா கூரையைப் பார்த்தாள். காலியாக இருந்தது. வெளிச்சம் வரும்வரை கின்னிக்கோழிக்குக் கண் தெரியாது. கல்மாதிரி உட்கார்ந்திருக்கும், பழம் பறிப்பதுபோலப் பறித்துவிடலாம். எட்டு மணிக்கு உசேன் வந்தார். கையிலிருந்த மஞ்சள் கோணி வெறுமையாக இருந்தது.

"புளியந்தோப்புக் கறிக்கடைல குடுத்துட்டேன்" என்றார். "தெருவுல எல்லாரும் பேஜாரா கீதுன்றாங்க."

தெருவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஜெரினா தட்டில் இட்லி வைத்தாள்.

அன்று மாலை ஆறேகாலுக்கு அவர் வந்தார். கால் கழுவினார். முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஜெரினா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இந்தச் சத்தமின்மையை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். கோழிகள் கத்தியபோது அது வந்தது தெரிந்தது. முற்றத்தின் எந்த இடம்வரை வந்தது, எங்கே நின்றது என்பதும் தெரிந்தது. நிலைப்படிக்கு மூன்றடி முன்னால், அதற்குமேல் இல்லை. இனிமேல் எங்கே நிற்கிறதென்று யார் சொல்வார்கள்? அவள் படியிலிருந்து விலகி ஒதுங்கினாள். ஏன் ஒதுங்கினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. உசேன் அதைப் பார்த்துவிட்டு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் பின்மதிலில் ஒரு பெட்டை வந்து நின்றது. முள்ளுக்குள் எங்கோ அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறது. உசேன் இருட்டில் ஆறைத்தான் பிடித்திருக்கிறார், எண்ணிப் பார்க்கவில்லை. பசிக்கு வெளியே வந்த அது கூட்டத்தைக் காணாமல் கூரைக்கும் மதிலுக்கும் ஓடியது. பிறகு கேட்கத் தொடங்கியது. யாரூ, யாரூ. ஜெரினா கம்பு தானியத்தைக் கொண்டுபோய் வைத்தாள், தின்னவில்லை. முட்டைகளிடமும் திரும்பிப் போகவில்லை. மதியம் முழுக்க, அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதும், கண்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவிலும், தன் ஆட்களைத் தேடி அந்த இரண்டு தொனியையே விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. கெங்கம்மா வந்து, "அது தனியா இருந்தா செத்துடும் ஜெரினா, எங்கனா கூட்டத்துல வுட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உசேன் வந்தபோது பெட்டை முற்றத்தின் நடுவில் நின்றிருந்தது. அவரைக் கண்டதும் குரல் நின்றது. அவர் வண்டியை நிறுத்தி, கால் கழுவாமல், தெருக்கதவைப் பார்க்காமல் திரும்பிப் படியில் உட்கார்ந்தார். பெட்டை தெருக்கதவைப் பார்த்தது. கூட்டம் இருந்தால் கத்தியிருக்கும், தனியாக இருந்ததால் கத்தவில்லை. தலையைச் சாய்த்து, தரையில் தொடங்கி ஒரு ஆள் உயரம்வரை மெல்லப் பார்த்தது. இரண்டடி பின்னால் நகர்ந்தது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டது.

யாரூ.

உசேன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ஜெயவேலு" என்றார்.

ஜெரினா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பெட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்தே சொன்னார்.

"மீட்டரு இல்ல ஜெரினா. ரிப்பேருக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது. லாரிங்க லைன்ல நின்னுகினு கீது, சீக்கிரம் முடின்னு போன் மேல போன். மூடியத் தொறந்துட்டு அவன் குனிஞ்சி பாத்தான். 'பாய், வாசன ஒரு மாரி கீதே'ன்னான். பாகு புளிச்சா அப்டித்தான், எறங்குன்னேன். நான்தான் சொன்னேன். நாலு படி எறங்கினான். ஒரு தபா மேல பாத்தான். அவ்ளோதான், கைய வுட்டுட்டான்."

"குடிச்சிருந்தாருன்னு சொன்னீங்களே."

"குடிக்கல. அவன் வுட்டு ஆறு வர்சம் ஆவுது. பாகுதான் உள்ள சாராயமா மாறிக் கெடந்துது. அந்த வாடைதான் அவன் மேல. குடிச்சிருந்தான்னு எழுதிக் குடு, உன் மேலயும் வராது எங்க மேலயும் வராதுன்னு காண்ட்ராக்ட்காரன் சொன்னான். எழுதிக் குடுத்துட்டேன்."

ஜெரினா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவளோடு முப்பது வருடம் வாழ்ந்த மனிதர். வாளிக்குள் பாம்பு கிடந்த அன்று, அவள் பயந்தாள் என்பதற்காக, குளிக்கிற இடத்துத் தரையை நடுச்சாமம்வரை சிமெண்ட் வைத்துப் பூசியவர். அந்தக் கையால்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"போயி மாத்திச் சொல்லுங்க."

"சொன்னா உள்ள வெச்சிடுவாங்க."

"இப்ப மட்டும் வெளியவா கீறீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் கலைந்திருக்கும் நேரம் பார்த்து இரண்டு பேரும் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனார்கள். ஆற்றுவாயில் தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. ஹில்டா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை, விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. உசேனைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். ஜெரினா உட்கார்ந்தாள். உசேன் உட்காரவில்லை. நின்றபடியே, ஜெரினாவிடம் சொன்னதை அதே வார்த்தைகளில் சொன்னார்.

ஹில்டா அழவில்லை. கொடியில் போட்ட துணியின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள். பிறகு அதே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரில கொண்டாந்து வெச்சப்போ கிட்ட போனேன்" என்றாள். "வாடை அட்ச்சிது. ஆறு வர்சம் கழிச்சி அந்த வாடை. மறுபடியும் ஆரமிச்சிட்டியாடா, எங்கிட்ட மறைச்சிட்டியாடான்னு நெனச்சேன். எல்லாரும் குடிச்சிட்டுச் செத்தான்னு சொன்னாங்க. இல்லன்னு நான் சொல்லல பாய். நானும் நம்பிட்டேன்."

அவள் கொடியிலிருந்து கையை எடுத்தாள்.

"பொட்டிய மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா வந்து நெத்தில முத்தம் குடுத்தாங்க. எங்கண்ணன் என்னக் கூப்ட்டான். கோவத்துல நான் எயுந்துக்கல."

ஜெரினா எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஹில்டா தள்ளவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. உசேன் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்றாள் ஹில்டா. "மன்னிப்பு கின்னிப்புல்லாம் எங்கிட்ட இல்ல இப்போ. அந்தப் பொய்ய எங்க எய்திக் குடுத்தியோ, அங்க போய்ச் சொல்லு. அவரு பேரு அங்கதான் கீது."

அவர்கள் கிளம்பினார்கள். மணலில் பத்தடி போனதும் உசேன் நின்று திரும்பிப் பார்த்தார். ஹில்டாவைப் பார்க்கவில்லை, அவளுடைய வாசற்படியைப் பார்த்தார். ஒருவேளை ஜெயவேல் இங்கேயே தங்கிவிடுவான் என்று நினைக்கிறாரோ என்று ஜெரினாவுக்குத் தோன்றியது. சொந்த வீடு, சொந்தக் கடல். அவளும் கொஞ்சம் அப்படி வேண்டிக்கொண்டாள். பிறகு ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். ஆட்டோவில் பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். இவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள், ஆனாலும் உசேன் கம்பியோடு கம்பியாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் இறங்கிய போலீஸ் ஸ்டேஷன் முன்னால் ஒரு வேப்பமரம் இருந்தது. பறிமுதல் செய்த பைக்குகள் அதனடியில் தூசி படிந்து நின்றன. ஜெரினா ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். சட்டைப்பையிலிருந்த செல்போனையும் வண்டிச் சாவியையும் எடுத்து அவளிடம் கொடுத்தார். கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

"நவ்ரீன் கேட்டா, நானே சொல்றேன்னு சொல்லு" என்றார்.

"நானே சொல்லிக்கிறேன். நீங்க போங்க."

ஸ்டேஷனுக்குக் கண்ணாடிக் கதவு. கையை விட்டால் தானாக வந்து மூடிக்கொள்ளும் வகை. வெயிலில் அதில் தெருவும் வேப்பமரமும் ஜெரினாவும் தெரிந்தார்கள். உசேன் மூன்று படி ஏறினார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஒரு காலை வைத்தார், இன்னொரு காலை வைத்தார். கதவை விடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. சற்றே சுவர்ப்பக்கமாக ஒதுங்கி, கையைப் பின்னால் நீட்டி, ஒரு ஆள் நுழைகிற நேரம்வரைக்கும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் விட்டார்.